இன்னும் கட்டாத புகைபோக்கி

தாழைமுனையில் அந்த நிழல் முதன்முதலாக விழுந்தது ஜனவரி மாதம், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த ஒரு மத்தியானத்தில். கரையில் சாளை மீனைப் பரப்பிவிட்டு, குனிந்தபடி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்த மெட்டில்டாவின் முதுகில் திடீரென்று குளிர்ச்சி ஏற, மேகம் வந்துவிட்டது, மழை பெய்தால் அத்தனை மீனும் வீணாகுமே என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. வெயில் எப்போதும்போலக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும், ஒரு தெரு அகலத்துக்கு, இரண்டு பக்கமும் கத்தியால் நறுக்கிய மாதிரி நேரான விளிம்போடு ஒரு நிழல் மேற்கேயிருந்து வந்து, வீட்டுக் கூரைகளின் மேல் ஏறி இறங்கி, கோயில் மதிலைத் தாண்டி, மணலைக் கடந்து, அலைக்குள் போய் முடிந்தது. மெட்டில்டா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிழலுக்குள் கிடந்த மீனை வாரிக் கூடையில் போட்டு, வெயில் கிடந்த பக்கமாகக் கொண்டுபோய்ப் பரப்பினாள். எதனுடைய நிழலாக இருந்தாலும் மீன் காய்ந்தாக வேண்டும்.

சாயங்காலம் அவள் புருஷன் கஸ்பார் கடலிலிருந்து திரும்பி வந்ததும், "கரையில ஒரு நெழலு கெடக்கு," என்றாள்.

"நானும் பாத்தேன். தண்ணிக்குள்ளயும் கெடக்கு. பெரிய கப்பல் ஏதோ வருதுன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா கப்பலுமில்ல, ஒண்ணுமில்ல."

"மீனு காய மாட்டேங்கு."

"தள்ளிப் போட்டுக் காய வையி," என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போனார்.

மறுநாள் ஊர் கமிட்டித் தலைவர் ரெமிஜியுஸ் முன்னால் நடக்க, நாங்கள் எல்லோரும் அந்த நிழலின் ஓரமாகவே மேற்கே போனோம். அது வடக்குத் தெரு வழியாகப் போயிற்று, இரண்டு மூன்று வீடுகளின் அடுக்களை வழியாகப் போயிற்று, ஒரு கல்லறையின் மேல் ஏறி இறங்கிற்று, ஊர் முடிந்து பனங்காடு தொடங்குகிற இடத்தைத் தாண்டித் தேரி மணல்மேட்டுக்குள் போயிற்று. செம்மணலில் கம்பெனிக்காரர்கள் முந்தின வாரம் நட்டுவிட்டுப் போயிருந்த மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லடியில் அது வட்டமாகத் தொடங்கியது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அந்த இடத்தில்தான் எழும்பப்போகிறது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்போது அங்கே கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. மேலே வானம் வெறுமையாகக் கிடந்தது. ரெமிஜியுஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"வரப்போறதுக்க நெழலு," என்றார். "முந்தியே வந்திட்டு."

அவர் சொன்னது எங்களுக்குச் சரியாகவே பட்டது. தேநீர் நேரமாகிவிட்டதால் எல்லோரும் திரும்பி நடந்தோம்.

முதலில் அதில் எங்களுக்குச் சில சௌகரியங்கள்கூட இருந்தன. டீக்கடை சவிரியான் தன் பெஞ்சை நிழலுக்குள் இழுத்துப் போட்டார். மத்தியான வெயிலுக்கு அந்த நிழல் கிணற்றுக்குள் இறங்கினது போல இருந்ததால், சீட்டாடுகிறவர்களும் வலை பழுது பார்க்கிறவர்களும் அங்கேயே கிடந்தார்கள். நாய்கள் மட்டும் அதற்குள் வரவில்லை, விளிம்பு வரைக்கும் வந்து மோந்து பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின. நிழல் விழுந்த வீடுகளில் கோழிகள் மத்தியானமே கூடடைந்தன. வடக்குத் தெருப் பெண்கள் சோறு உண்ட கையோடு விளக்கைப் போடப் பழகினார்கள். ஆட்டோக்காரர்கள் நிழலைக் கடக்கும்போது முன்விளக்கைப் போட்டுக்கொண்டார்கள். சூரியன் வடக்கே நகர நகர நிழல் தெருத் தெருவாகத் தெற்கே நகர்ந்தது. அது நீங்கிப் போன தெருவில் பாயையும் தலையணையையும் வெளியே போட்டு உலர்த்தினார்கள், அடுத்து வரப்போகிற தெருவில் ஊறுகாய்ச் சாடிகளையும் வற்றலையும் முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில், கல்யாண ஓலை வாசிக்கிற சாமியார் அதே குரலில், இந்த வாரம் நிழல் எந்தத் தெருவில் விழும் என்பதையும் வாசிக்கத் தொடங்கினார். புதுப் பெண்ணையும் பச்சைப் பிள்ளையையும் நிழல் வழியாகக் கூட்டிப்போகக் கூடாது என்று ஒரு வழக்கம் தானாகவே வந்தது. யார் சொன்னது என்று எங்களுக்கு நினைவில்லை.

தவக்காலத்தில் நிழலின் நுனியிலிருந்து புகை வரத் தொடங்கியது. புகையின் நிழல்தான் அது, ஆனால் அசைந்தது. கடற்காற்று ஒரு பக்கம் அடிக்கும்போது அது வேறு பக்கம் சாய்ந்தது, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு காற்றுக்கு அது அசைவது போல இருந்தது. சுவரில் அது ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை கிறங்கும். வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் அதன்மேல் எதுவும் விழாமலே சாம்பல் நிறமாயிற்று. மாலையில் நிழல் கடலுக்குள் நீளும்போது, மீன் கூட்டம் அதன் விளிம்பு வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போவதைக் கஸ்பார் படகிலிருந்து பார்த்தார்.

முதலில் இருமியவர் சவிரியான். அந்த இருமலைக் கேட்டதுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கரையோரமாகத் தெற்கே போனால் கல்லாமேடு என்று ஒரு ஊர், அங்கே பழைய அனல்மின் நிலையம் ஒன்று பல வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறது. மெட்டில்டா அங்கே கருவாடு விற்கப் போவாள். அங்கே சோறு உண்ணும்போது ஒரு கை தட்டை மூடிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குடத்தின் மேல் துணி கட்டியிருக்கும், அந்தத் துணியை உதறினால் சாம்பல் பறக்கும். நிலையத்திலிருந்து வெந்நீர் வந்து விழுகிற முகத்துவாரத்தில் நண்டு இல்லை, இறால் இல்லை. அந்த ஊரில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருமுவார்கள், அடிவயிற்றில் தொடங்கித் தொண்டைக்கு வந்து சேராமல் பாதியில் நின்றுவிடுகிற இருமல். நாங்கள் அதைக் கல்லாமேட்டு இருமல் என்போம். அதுதான் இப்போது சவிரியானின் நெஞ்சுக்குள் இருந்தது. அவர் பெஞ்சை வெயிலுக்கு மாற்றிப் போட்டார். இருமல் மாறவில்லை.

மெட்டில்டாவுக்கு லியோன் என்று ஒரு தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்து, டிப்ளமோ படிக்க வைத்து, தெற்குக் கடைசித் தெருவில் அனஸ்தாசி என்கிற பெண்ணைக் கட்டி வைத்துக் குடியும் அமர்த்தினாள். கடலுக்குப் போனால் அவனுக்கு வாந்தி வரும். வேலைக்கென்று ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்தவனை, கம்பெனி, ஊருக்கும் தங்களுக்கும் நடுவில் பேசுகிற ஆளாக வைத்துக்கொண்டது. சட்டைப் பையில் உதிக்கிற சூரியன் படம் போட்ட நீலச் சட்டை ஒன்றும் கொடுத்தது. நிலையம் கட்டி முடித்ததும் வேலை நிரந்தரம் என்றார்கள். நிழலைப் பற்றி யாராவது கேட்டால் மேகம் என்று சொல்லும்படியும் சொல்லிவைத்தார்கள்.

"ஏல, நெசமாவே உனக்கு அது மேகமாட்டா தெரியுது?" என்று மெட்டில்டா அவனிடம் கேட்டாள்.

அவன் தலை குனிந்துகொண்டான். "எனக்கு என்ன தெரிஞ்சா என்னக்கா? அனஸ்தாசி முழுகாம இருக்கா. நான் இன்னும் எத்தன நாளைக்கு உன் கையப் பாத்துக்கிட்டு நிக்க?"

"நெழலு தெக்க தெக்கத்தான் போவுது. ஆனி மாசம் உன் வீட்டு மேல நிக்கும். பிள்ளையும் அப்பந்தான் பெறக்கும். அவள என் வீட்டுக்கு அனுப்பிரு."

"அனுப்பினா ஊர்ல என்ன சொல்லுவாவ? மேகத்துக்குப் பயந்து பெண்டாட்டிய அனுப்பிட்டாம்பாவ. கம்பெனில கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

மெட்டில்டா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அனஸ்தாசிக்கென்று கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

மே மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வந்து நடுவில் உட்கார்ந்தார். நிழல் அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. அது யார் சொல்லியோ கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, காலையிலேயே தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு முடித்துவிடுவதாக ஏற்பாடு. ரெமிஜியுஸ் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மெதுவாப் பேசுங்க."

நாங்கள் மெதுவாகப் பேசினோம். கஸ்பார் வாடைக்காற்றைப் பற்றியும் கச்சான் காற்றைப் பற்றியும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பாய் விரிப்பது என்பதைப் பற்றியும், என்ஜின் வருவதற்கு முந்தின காலத்திலிருந்து தொடங்கிப் பேசினார். சவிரியான் பேசியது கொஞ்சம், இருமியது அதிகம், ஆனால் அவர் இருமி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. மெட்டில்டா மைக் முன்னால் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாளை வருகிற மாதம், நெத்திலி வருகிற மாதம், காரல் எந்தச் சேற்றில் மேயும், ஊளி எந்தக் கடலடிப் பாரில் ஒதுங்கும், கணவாய் எதில் முட்டையை ஒட்டவைக்கும், வெந்நீர் வந்த பிறகு கல்லாமேட்டுக் கரையில் இவற்றில் எது எது எந்த வரிசையில் இல்லாமல் போயிற்று, கடைசியாக நின்ற மீன் எது, அது நின்ற அன்றைக்கு அங்கே என்ன குழம்பு வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி தண்ணீர் குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லுங்கம்மா," என்றார்.

"எங்க ஆயுசு பூரா நடந்தத எப்படிச் சுருக்க, ஐயா?" என்று கேட்டுவிட்டு அவள் வாளை மீனுக்குப் போனாள்.

அவள் முடித்ததும் இன்னொருத்தி எழுந்தாள், அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. பந்தலுக்கு வெளியே சாப்பாட்டுப் பாத்திரங்கள் ஆறின. வெயில் சாயத் தொடங்கியது. மேற்கு ஓரத்தில் கட்டியிருந்த துணி முதலில் இருண்டது. பிறகு அந்த இருட்டு நாற்காலி வரிசைகளைக் கடந்து, மேடையில் ஏறி, வெள்ளை விரிப்பு விரித்த மேசையின் மேல் விழுந்தது. அதிகாரியின் பேனா நின்றது. குளிரில் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். புகையின் நிழல் அவர் முகத்தின் மேல் நெற்றியிலிருந்து இறங்கி, கண்களைக் கடந்து, வாய் வழியாக மெதுவாக ஊர்ந்து போனதைக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். யாரோ பந்தல் விளக்குகளைப் போட்டார்கள். அவை எரிந்தன, ஆனால் வெளிச்சம் குழல்களை விட்டுக் கீழே இறங்கவில்லை. எங்களில் ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்தவர் இருமினார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், முன்னால் திரும்பி வந்து, மேடையில் கம்பெனி மேலாளரின் தொண்டையில் போய் நின்றது.

"இது என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

மேலாளர் லியோனைப் பார்த்தார். லியோன் எழுந்து மைக்கைக் கையில் வாங்கினான். மூன்றாவது வரிசையில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அனஸ்தாசி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் மெட்டில்டா. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மேகம், ஐயா," என்றான்.

அதிகாரி எழுந்து பந்தலை விட்டு வெளியே போனார். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, எழுதுகிறவரிடம், "மேகமூட்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

மெட்டில்டா தம்பியைத் திட்டவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

சூரியன் வடக்கே போக முடிந்த மட்டும் போய், திரும்புவதற்கு முன்னால் கொஞ்ச நாள் தயங்கி நிற்கிற காலத்தில், நிழலும் எங்கள் ஊரின் தெற்குக் கடைசித் தெருவில் வந்து தயங்கி நின்றது. மற்றத் தெருக்களை அது கடந்துதான் போனது, இங்கே குடியிருந்தது. அந்த நேரத்தில்தான் அனஸ்தாசி ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையைக் கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆக்னேஸ் என்று பேர். தலை நிறைய முடியும், எந்தச் சத்தத்துக்கும் திரும்புகிற கண்ணுமாக இருந்தது பிள்ளை.

முதல் நாள் மத்தியானம் நிழல் வீட்டுக் கூரையில் ஏறியதும் தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ தூரத்தில் சங்குக்குள் மெல்ல ஊதுகிற மாதிரி, விட்டுவிட்டு வந்தது. அனஸ்தாசி தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. அது மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"சளியாயிருக்கும்," என்றான் லியோன்.

அவன் ஜன்னலைச் சாத்தினான். தொட்டிலை அவிழ்த்துப் பின்னறையில் கட்டினான். விசில் நிற்கவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, நிழலின் விளிம்பைத் தாண்டி வெயிலில் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் மூச்சு சத்தமில்லாமல் வந்தது. வீட்டுக்குள் கொண்டுபோனான், மறுபடியும் விசில்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் நாங்கள் அவனைப் பார்த்தோம். நீலச் சட்டையோடு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் பிள்ளையுமாக, நிழலின் விளிம்பை ஒட்டினாற்போல வெயிலிலேயே தெரு நெடுக நடந்துபோய்த் திரும்பி நடந்து வருவான். விளிம்பு நகர்ந்தால் அவனும் நகர்ந்துகொள்வான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. எதிரே வருகிற பெண்கள் வெயில் பக்கத்தை அவனுக்கு விட்டுவிட்டு நிழலுக்குள் இறங்கி நடந்தார்கள். மெட்டில்டா ஒருநாள் தெருமுனையில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றைக்கு அவள் வீட்டில் உலை வைக்கவில்லை என்று கஸ்பார் சொன்னார்.

சவிரியான் ஆடி மாதம் செத்துப்போனார். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது நிழலைச் சுற்றிக்கொண்டு தூரமான வழியாகப் போனோம்.

அதற்குள் கரை எங்களுக்கு உதவாமல் போய்விட்டது. புகையின் நிழல் மத்தியானத்தில் கரை முழுக்கப் பரவி, காய்கிற மீனின் மேல் சாம்பல் தோல் ஒன்று ஏறியது. சந்தையில் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார்கள். எங்கே வெயில் முழுசாக விழுகிறது என்று மெட்டில்டா தேடிக்கொண்டு போனாள். மஞ்சள் கல்லுக்கு வடமேற்கே, கம்பெனிக்காரர்கள் தேரியை வெட்டிப் புதிதாகப் போட்டிருந்த தார் ரோட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் தடையில்லாமல் காய்ந்தது. அவள் கூடையை இறக்கி வலையை விரித்து அங்கே மீனைப் பரப்பினாள். போராட்டம் என்றெல்லாம் அவள் நினைத்திருக்கவில்லை. மறுநாள் அவளைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளி வெள்ளியாகச் சாளையும் நெத்திலியும் காரலும் காய்ந்துகொண்டிருந்தன.

இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் வந்து நின்றன. முன்னால் வந்த லாரியின் ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். தின்கிற பொருளின் மேல் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, லாரியின் அடியிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். கம்பெனி லியோனை அனுப்பியது.

அவன் வண்டியிலிருந்து இறங்கி வரும்போது மீனுக்கு அந்தப் பக்கம் மெட்டில்டா நின்றாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

"எக்கா, மீன அள்ளச் சொல்லுக்கா," என்றான். "லாரி போவணும்."

கூட்டத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் அவனோடு பேசினாள். "போவட்டும். ஏத்தச் சொல்லு."

"நான் சொல்லலன்னா வேற ஆள் வந்து சொல்லுவான். போலீஸ கூட்டிட்டு வருவான்."

"வரட்டும். நீ சொல்லுதியா, அதச் சொல்லு."

லியோன் நின்றான். நிலையம் வரப்போகிற வெற்று மணலைப் பார்த்தான், மஞ்சள் கல்லைப் பார்த்தான், அங்கிருந்து கிழக்கே நீண்டு ஊருக்குள் போகிற நிழலைப் பார்த்தான். அது தன் வீட்டின் மேல் விழுகிற இடம் அவனுக்கு அங்கிருந்தே தெரிந்திருக்கும். "மத்தியானமாயிட்டு," என்றான், யாரிடம் என்றில்லாமல். "இந்நேரம் பிள்ளைக்கு மூச்சு கட்டும்."

"வெளிய தூக்கிட்டுப் போவ வீட்ல ஆள் இருக்கா?"

"அனஸ்தாசி தனியாத்தான் இருக்கா."

மெட்டில்டா திரும்பி எங்களில் ஒருத்தியிடம், "ஓடிப் போயி பிள்ளைய எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திரு. அவளையும் கூட்டிட்டு வா," என்றாள்.

லியோன் செருப்பைக் கழற்றி ரோட்டோரத்தில் வைத்தான். சட்டையைக் கழற்றினான், அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, செருப்பின் மேல் போட்டான். பிறகு வெறும் மேலோடு குந்தி உட்கார்ந்து, தார் சூட்டில் ஒரு பக்கம் காய்ந்திருந்த மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடத் தொடங்கினான். சின்ன வயதில் அவனுக்கு அக்கா சொல்லிக்கொடுத்த வேலை. கை மறக்கவில்லை.

போலீஸ் வந்தது. எங்களில் பலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். விட்டதும் கூடையோடு ரோட்டுக்குத் திரும்பினோம். ரெமிஜியுஸ் வக்கீல்களைப் பார்க்கப் பட்டணத்துக்கும் ஊருக்குமாக அலைந்தார். கோர்ட்டில் லியோன் ஏறி நின்று, தான் கூட்டத்தில் சொன்னது பொய் என்று சொன்னான். மேகம் இல்லையென்றால் பிறகு என்ன என்று கேட்டதற்கு, ஐயா நேரில் வந்து ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாருங்கள் என்றான். யாரும் வரவில்லை. ஆனால் வேலைக்குத் தடை விதித்தார்கள், தடை நீண்டுகொண்டே போயிற்று, லாரிகள் வருவது நின்றது, மீன் ரோட்டிலேயே காய்ந்தது. வடகிழக்கு மழை இறங்கப்போகிற சமயத்தில், தாழைமுனைத் திட்டம் கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது.

அன்றைக்கு மத்தியானம் நிழல் விழவில்லை. நாங்கள் தெருவில் வந்து நின்று காத்திருந்தோம். வெயில் தெற்கிலிருந்து வடக்கு வரை ஊர் முழுக்க ஒரே மாதிரி விழுந்து கிடந்தது. கோயில் மணியை அடித்தார்கள். கோழிகள்தான் கூடடையும் நேரம் குழம்பிப்போய், சில நாள் பகலெல்லாம் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தன. வழக்கமாக நிழலில் குளிர்ந்துபோகிற நேரத்துக்குப் பெண்கள் தங்களை அறியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

நிழல் எடுத்துக்கொண்டதை அது திருப்பிக் கொடுக்கவில்லை. இருமினவர்கள் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆக்னேஸின் நெஞ்சுக்குள் இருந்த விசில், முன்பு நிழல் வந்தால் வந்து போனால் போனது, இப்போது எந்த வெயிலிலும் போகாமல் நிலையாக இருந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், வளர வளரச் சரியாகலாம் என்றார். பிள்ளை அதோடேயே சிரிக்கவும் குப்புற விழவும் கற்றுக்கொண்டது.

மார்கழி முடிவில் மெட்டில்டா கருவாட்டுக் கூடையோடு தூரத்துச் சந்தை ஒன்றுக்குப் போயிருந்தாள். பக்கத்தில் சாக்கை விரித்து மிளகாய் வற்றல் விற்றுக்கொண்டிருந்தவள் கோரையேந்தல் என்கிற ஊர்க்காரி. வற்றலில் பாதி கறுத்துப் போயிருந்தது.

"மழையில நனைஞ்சிட்டா?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"மழையெல்லாம் இல்ல தாயி. களத்துல ஒரு பக்கம் காயவே மாட்டேங்குது. நெழல் மாதிரி ஒண்ணு வந்து படுத்துக்கிருது. அண்ணாந்து பாத்தா மேல ஒண்ணும் இல்ல."

"ஒங்க ஊர்ல புதுசாக் கல்லு ஏதும் நட்டிருக்காவளா?"

"ஆமா, ஊருணிக்கு அங்கிட்டு. மஞ்சக் கல்லு. கரண்டு கம்பெனி வருதாம்."

மெட்டில்டா கூடையைப் பாதி விற்பனையிலேயே மூடிக் கட்டினாள்.

ஊருக்கு வந்து அவள் சொன்னபோது எங்களில் சிலர், நம்மளை விட்டுப் போனதே போதும், ஊர் ஊராகப் போய் நிற்க முடியுமா என்றோம். அவள் எங்களை வற்புறுத்தவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் அவளுக்கு முன்பாகவே லியோன் நின்றிருந்தான். அனஸ்தாசி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். பஸ் வந்தபோது நாங்களும் ஒரு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டிருந்தோம்.

கோரையேந்தலில் இறங்கும்போது உச்சி சாய்ந்துவிட்டது. கரிசல் காட்டுக்கு நடுவில், களத்து மேட்டில் மிளகாய் சிவப்பாக விரிந்து கிடந்தது. அதன் நடுவே ஒரு தெரு அகலத்துக்கு மட்டும் மிளகாய் கறுப்பாகத் தெரிந்தது. அதன் இரண்டு விளிம்புகளும் நேராக இருந்தன. அந்தக் குளிர்ச்சி எங்கள் காலில் படுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு இளவட்டம் எங்களைப் பார்த்து எழுந்து வந்தான். மடிப்புக் கலையாத நீலச் சட்டை, பையில் சூரியன் படம்.

"எந்த ஊர்க்காரவுங்க? யாரப் பாக்கணும்?" என்றான். எங்கள் கண் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "அது ஒண்ணுமில்லண்ணே. மேகம்," என்றான்.

லியோன், அனஸ்தாசியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்து அவனிடம் நீட்டினான். "கொஞ்சம் புடிங்க, தம்பி."

மறுப்பது எப்படி என்று தெரியாமல் அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். ஆக்னேஸ் தூக்கத்தில் ஒருதரம் சிணுங்கி, முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டது. அவன் சிரித்தபடியே எங்களைப் பார்த்தான். பிறகு சிரிப்பு நின்றது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினான்.

"என்னண்ணே இது, விசில் மாதிரி?"

"கேளுங்க," என்றான் லியோன்.

மெட்டில்டா அதற்குள் களத்தில் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களை நோக்கி நடந்துவிட்டிருந்தாள். இளவட்டம் நின்ற இடத்திலேயே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையின் முதுகில் கையை விரித்து வைத்து, தலையைச் சாய்த்து, அதன் நெஞ்சில் காதை வைத்தான்.